உயிரோடு இருக்கிற ராஜாவுக்கு மலர்வளையம்

9 மார்ச், திங்கள்

ஷிரோக்கோ காற்று. பல்கனி முழுக்கச் செம்மண் தூசி. காலையில் கழுவினேன், மத்தியானம் பார்த்தால் கழுவாத மாதிரி. பஸ்ஸும் வரவில்லை. நாங்கள் இருக்கிற சீசாப் பகுதியிலிருந்து வேலை வீடு வரைக்கும் நடை. கால் வீக்கம்.

செய்ய வேண்டியவை: வேலை வீட்டுச் சிஞ்ஞோராவின் முழங்கால் எண்ணெய் முடிகிறது. யன்னல் திரைகள் தோய்க்க வேண்டும். பல்லரோச் சந்தையில் கார்ச்சோஃபிக் காய் (முதல் கடையில் வேண்டாம், அவன் நிறுவையில் கள்ளன்). பெர்மெஸ்ஸோ (இங்கே தங்கும் அனுமதி) புதுப்பிக்க வேலைக் கடிதம். சிஞ்ஞோராவின் செக்ரட்டரியிடம் மறுபடி கேட்க வேண்டும். மூன்று தரம் கேட்டாகிவிட்டது. வேண்டுமென்றே இழுக்கிறார்.

வேலை வீட்டில் விடிந்ததிலிருந்து டிவி, சத்தமில்லாமல். சிஞ்ஞோராவின் நாட்டில் மாணவர்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். நாட்டின் பெயரை இங்கே எழுத மாட்டேன். சின்ன நாடு, அதற்கு ஒரு ராஜா, அந்த ராஜாவின் அக்கா எங்கள் சிஞ்ஞோரா. அவ்வளவு போதும். தமிழில் எழுதினால் யாருக்கு விளங்கப்போகிறது என்று முன்பு நினைத்தேன். இப்போது போனை நேரே பிடித்தால் அதுவே வாசித்துச் சொல்லுமாம். ஆகவே செக்ரட்டரி இனி வெறும் செ.

செ. பற்றி: சத்தம் போடாத சப்பாத்து. விறாந்தையில் தொங்கும் ராஜாவின் படத்துக்கு ஒவ்வொரு காலையும் தலை குனிகிறார். யாராவது பார்த்தால் கூடுதலாகக் குனிகிறார். இன்று என்னிடம், "லினாவைத் தேடி ஆர் வந்தவை?" ஒருவரும் வரவில்லை என்றேன். நம்பவில்லை. நானும் அவரை நம்பவில்லை, கணக்குச் சரி. (இவர்கள் கதைப்பது இத்தாலிய மொழியில். என் காதில் விழும்போது தமிழாகிவிடுகிறது.)

லினா சிஞ்ஞோராவின் பேத்தி. இங்கே யூனிவர்சிட்டியில் படிக்கிறாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் போனில் குசுகுசுக்கிறாள். காதலா, அரசியலா? இரண்டுக்கும் ஒரே குரல்தான்.

வீட்டுக்கு வந்து என் மனுசனிடம் சொன்னால் இவருக்குச் சிரிப்பு. "உமக்கு அந்தோனியாரிலையும் சந்தேகம், பிள்ளையாரிலையும் சந்தேகம்."

செ. பின்னேரம் ரோமுக்குப் போனார். தூதரகத்தில் கூட்டமாம். நாளை மறுநாள்தான் வருகிறார். நல்லது.

10 மார்ச், செவ்வாய்

காற்று நின்றது. வெயில்.

கதவைத் திறந்து உள்ளே போனேன், ராஜாவின் படம் சுவரைப் பார்த்தபடி. பின்மட்டையும் கம்பியும்தான் தெரிகிறது. எங்கள் ஆட்களிடம் செத்த வீடென்றால் சாமிப் படங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவோம், இல்லாவிட்டால் துணியால் மூடுவோம். இவர்களுக்கு ராஜாதானே சாமி. சொந்தத்துக்குள் யாரோ போய்விட்டார்கள். ராஜாவாகவே இருக்கலாம். வயதும் ஆகிறது, தெருவும் இப்படிக் கிடக்கிறது.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. கோப்பி போடவில்லை. எடுத்து வைத்த இறைச்சியைத் திரும்பக் குளிர்ப்பெட்டிக்குள். தோட்டைக் கழற்றிப் பையில் போட்டேன். இவருக்குப் போன்.

"இஞ்சாருங்கோ, இஞ்சை செத்த வீடு. சோறும் சொதியும் கத்தரிக்காய்க் கறியும் கொண்டு வாங்கோ."

"ஆர் செத்தது?"

"ராசா போலை கிடக்கு."

"எந்த ராசா?"

"உங்களுக்கு எத்தினை ராசாவைத் தெரியும்? கெதியா வாங்கோ."

பிறகு முகம் கழுவிக்கொண்டு சிஞ்ஞோராவின் அறைக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். கையைப் பிடித்து, இத்தாலிக்காரர் செத்த வீட்டில் சொல்லும் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன். அனுதாபங்கள், சிஞ்ஞோரா.

"ஆருக்கு?"

"உங்கடை தம்பிக்கு."

முகம் சுண்ணாம்பாகிவிட்டது. என் கையை இறுக்கிய இறுக்கில் வளையல் நசிந்தது. "உமக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்கு விளங்கினது."

அதற்குமேல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. போனை எடுத்துப் பாரிசில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கையிடம் அவர்கள் மொழியில் அழுதார். எனக்கு அழுகை கெதியில் வரும். நானும் முதுகைத் தடவிக்கொண்டு அழுதேன்.

இவர் சாப்பாட்டோடு வந்து வாசலில் தந்துவிட்டுப் போனார். சிஞ்ஞோரா தொடவில்லை. லினா பத்து மணிக்கு எழும்பி வந்து இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள். சொதி நல்லாயிருக்கு, இன்றைக்கு என்ன விசேஷம் என்றாள். சொன்னேன். கரண்டி அந்தரத்தில் நின்றது. விறாந்தைக்கு ஓடினாள். படத்தைப் பார்த்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மங்கா, எங்கடை நாட்டிலை இப்ப படத்தைத் திருப்பினா அது சாவு இல்லை. 'நீ வேண்டாம்' எண்டு அர்த்தம்."

அங்கே எல்லாக் கடையிலும், பள்ளிக்கூடத்திலும் ராஜாவின் படம் தொங்க வேண்டும், சட்டம். போன கிழமையிலிருந்து மாணவர்கள் அதைத் திருப்பி விடுகிறார்களாம். பிடிபட்டால் மறியலில், சிறையில். யாரும் சாகவில்லை.

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. சிஞ்ஞோராவிடம் மன்னிப்புக் கேட்டேன். பாரிசுக்குத் திரும்ப எடுத்து 'பொய்யாம், பொய்யாம்' என்றார். படத்தை நேராக்கச் சொன்னார். கதிரையில் ஏறி நேராக்கினேன். சரியான பாரம்.

அப்படியானால் திருப்பியது யார்? செ. ரோமில். சிஞ்ஞோராவின் முழங்கால், ஊன்றுகோல் இருந்தும், கட்டிலிலிருந்து கதிரைக்கு வரவே முனகும். மிச்சம் லினா. அந்தச் சிரிப்பும் கொஞ்சம் கூடுதல்.

11 மார்ச், புதன்

டிவியில் அவர்களின் தலைநகரம். கார் ஹோன், ஆட்டம், பெண்கள் தட்டில் இனிப்புக் கொடுக்கிறார்கள். ராஜா செத்துவிட்டாராம்.

பின்னேரம் ராஜாவே டிவியில் வந்தார். சாய்மனைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக் காட்டினார். ஆள் உயிரோடுதான். சனம் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு மனுசி மைக்கைப் பிடித்துச் சொன்னதை லினா எனக்குச் சொன்னாள்: "அவர் இல்லாட்டி எப்பிடி இருக்கும் எண்டு ஒரு காலமை பாத்திட்டம். இனிப் பாக்காத மாதிரி இருக்கேலாது."

பாரிஸ் தங்கை 'பொய்' என்பதைக் கேட்பதற்கு முன் எத்தனை பேரிடம் சொன்னாவோ. 'ராஜாவின் அக்காவே அழுகிறா' என்றால் யார் நம்ப மாட்டார்கள்? வேறு காரணமும் இருக்கலாம். இருக்கட்டும் என்றுதான் விருப்பம்.

இவருக்குப் பகிடி. "ஒரு கந்தோரிலை ஒரு கிளாக்கரை அசைக்கேலாத மனுசி, இஞ்சை ஒரு ராச்சியத்தையே அசைச்சுப் போட்டீர்." நான் சிரிக்கவில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டு இனிப்புக் கொடுக்கிற நாட்களை நானும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

முக்கியமானதை எழுதாமல் சுற்றுகிறேன். செ. ரோமிலிருந்து நேரே குசினிக்கு வந்தார். கதவைச் சாத்தினார். "சிஞ்ஞோராவுக்கு நீர் ஏன் அனுதாபம் சொன்னனீர்? ஆர் சொல்லச் சொன்னது?"

பயத்தில் உளறிவிட்டேன். "ஒருத்தரும் சொல்லேல்லை. படம் திரும்பியிருந்தது. எங்கடை வழக்கத்திலை அது சாவு. அதாலைதான்."

படம் திரும்பியிருந்த கதை அவருக்கு அதுவரை தெரியாது. கண்ணில் அது விழுந்ததைப் பார்த்தேன். நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

அவர் கோபிக்கவில்லை. அதுதான் பயம். கதிரையை இழுத்து இருந்து, ஆறுதலாகச் சொன்னார்: படத்தைத் திருப்பியது யார் என்று அரண்மனை ஒரு பெயர் கேட்கும். லினா என்றால் அடுத்த வியாழக்கிழமை விமானத்தில் அவள் நாட்டுக்குப் போக வேண்டும். மறுத்தால் அங்கே இருக்கும் அவளுடைய தாய்க்குத் தொல்லை. ஆகவே மறுக்க மாட்டாள். "நீர் எண்டால் பிரச்சினை இல்லை. அறியாமல் செய்த வேலைக்காரி எண்டு எழுதிவிடுவன். நீர் வேலையை விட்டுப் போனாச் சரி."

வேலை போனால் கடிதம் இல்லை. கடிதம் இல்லாவிட்டால் குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் கந்தோரில், என்னத்தைக் காட்டுவது?

12 மார்ச், வியாழன்

மேகம். பல்லரோவில் மீன் விலை கேட்கவே ஏலாது. சந்துக்குள் பெடியன்கள் உடைந்த அலுமாரி இழுத்துக்கொண்டு போகிறார்கள், சான் ஜுசெப்பே திருநாள் நெருப்புக்கு விறகு. முருங்கைக்காய் வந்திருக்கிறது. வாங்கவில்லை. மனசில்லை.

லினா என்னைத் தன் அறைக்குள் இழுத்துப் போனைக் காட்டினாள். அரண்மனை வாசலில் சனம் வரிசையாக. கையில் மலர்வளையம். கறுப்பு உடுப்பு. ஒவ்வொருவராக வந்து காவல்காரனிடம் பணிவாக அனுதாபம் சொல்லி, வளையத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள். உயிரோடு இருக்கிற ராஜாவுக்கு. காவல்காரனுக்குச் சுடவும் முடியவில்லை, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை.

"உங்கடை கதையை என்ரை சிநேகிதர்களுக்கு எழுதினன். அவைதான் தொடங்கினவை," என்றாள். முகமெல்லாம் வெளிச்சம். "இப்ப அங்கை ஆக்கள் வணக்கம் சொல்லுறேல்லை, மங்கா. அனுதாபம்தான் சொல்லுகினம்."

"படத்தைத் திருப்பினது நீதானே?" நேராகக் கேட்டேன்.

"நானோ? நீங்கள் எண்டெல்லோ நினைச்சன்! வேணுமெண்டு செய்துபோட்டு, தெரியாத மாதிரி நடிக்கிறியள் எண்டு."

சத்தியம் பண்ணினாள். சின்னப் பிள்ளை மாதிரிக் கோபித்தாள். துணிவு இருந்தால் செய்திருப்பேன், செய்யவில்லை என்று அழுதாள். வியாழக்கிழமை விமானத்தைப் பற்றிச் சொன்னேன். அழுகை நின்றது. "அம்மா அங்கை," என்று மட்டும் சொன்னாள்.

13 மார்ச், வெள்ளி

கோவில் போகவில்லை. தலையிடி.

யார்?
லினா: இல்லை என்கிறாள். நம்பலாம், முக்கால்வாசி.
செ.: ரோம் போனது பொய்யாக இருக்கலாம். லினாவை மாட்ட அவரே திருப்பியிருக்கலாம். ஆனால் படக் கதை கேட்டபோது அந்தக் கண்... நடிப்பு இல்லை.
கீழ்வீட்டுக் காவல்காரன்: கதவுத் திறப்பு அவனிடமும் இருக்கிறது. ராஜா யாரென்றே தெரியாது. வெட்டு.
நான்: நித்திரையில் நடக்கிற வருத்தம் இல்லை. இருந்தாலும் சீசாவிலிருந்து நடந்திருக்க மாட்டேன்.

விறாந்தைக் கதிரையின் மெத்தையில் வட்டமாக ஒரு சின்னப் பள்ளம். திங்கட்கிழமை இருக்கவில்லை. செ.யின் சப்பாத்துக் குதியா?

15 மார்ச், ஞாயிறு

மலைக்கு, சந்தா ரொசாலியாவின் கோவிலுக்குப் போக நினைத்திருந்தோம். மழை.

மத்தியானம் லினாவின் போன். பேச்சு வரவில்லை. அரண்மனை வாசலில் சுட்டுவிட்டார்கள். மலர்வளையத்தோடு நின்ற ஆட்களை. அவளுடைய சிநேகிதி ஒருத்தி, அந்த வரிசையில் முதல் நாள் நின்றவள், இல்லை.

அந்தப் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியாது. என் வாயிலிருந்து போன சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

இவர் பகிடி விடவில்லை. பக்கத்தில் வந்து இருந்தார். "உம்மாலை இல்லையப்பா. சுட்டவனாலை."

ஓம். தெரியும். தெரிந்தும் சோறு இறங்கவில்லை.

16 மார்ச், திங்கள்

சிஞ்ஞோராவுக்கு எண்ணெய் பூசும் நாள். முழங்கால் வழக்கத்தைவிட வீக்கம். அழுத்தியபோது முனகினார். ஏறக் கூடாத இடத்தில் ஏறினீர்களோ என்று சும்மா கேட்டேன்.

"ஓம்," என்றார். "கதிரையிலை."

கை நின்றுவிட்டது. கதிரை மெத்தைப் பள்ளம் ஊன்றுகோலின் நுனி.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். போன திங்கள் ராத்திரி டிவியில் ஒரு மாணவனை அடித்து இழுத்துக்கொண்டு போவதைக் காட்டினார்களாம். அடித்தவனின் தோளில் ராஜமுத்திரை. "தம்பி சின்னனிலை என்ரை மடியிலைதான் நித்திரை கொள்ளுவான். அவன்ரை படம் பாத்துக்கொண்டிருக்க என்னாலை விறாந்தையிலை நடக்கேலாமல் போச்சு. கன நேரம் எடுத்தது, ஏறி இறங்க." பிறகு, "நீர் காலமை வந்து அனுதாபம் சொன்ன உடனை, நான் முகத்தைத் திருப்பினபடியால்தான் அவன் செத்துப்போனான் எண்டு நினைச்சன்."

அந்த அழுகை எனக்கு இப்போதுதான் விளங்கியது. பாவமாக இருந்தது, உண்மையில்.

அதற்குப் பிறகு சொன்னதுதான் விஷயம். "செக்ரட்டரிக்கு உம்மிலை கோவம் இல்லை. நீர் வெளியாள். எங்கடை வழக்கம் உமக்குத் தெரியாது எண்டு எல்லாருக்கும் விளங்கும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தார்.

நான் மற்றக் காலுக்கு எண்ணெய் பூசினேன்.

17 மார்ச், செவ்வாய்

யோசித்து யோசித்துக் கறி அடிப்பிடித்தது.

முழங்கால் கதையை ஏன் என்னிடம் சொன்னார்? மனம் தாங்காமலா, பழியை என்னை ஏற்க வைக்கவா? ராஜகுடும்பம். வாய்விட்டுக் கேட்க வேண்டிய தேவை பிறந்ததிலிருந்து வந்ததில்லை. பார்த்தால் போதும், யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். முதல் வேலை வீட்டில் மோதிரம் காணாமல் போனபோதும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். பிறகு மோதிரம் குளியலறையில். மன்னிப்பு ஒருவரும் கேட்கவில்லை.

இவர் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டே, "பெட்டை தப்புமெண்டால் நீர் சொல்லிப்போட்டு வாருமன். வேறை வீடு பாப்பம்."

"பெர்மெஸ்ஸோ?"

"அதுதான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லினாவுக்காக என்றால் செய்வேன். இதை எழுதும்போது மனசு சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் லினாவை அனுப்பப் போவது நானா? உண்மையைத் தெரிந்த ஆள் கட்டிலில் இருக்கிறார். பேத்தி அவருடையவள். தம்பி அவருடையவர். அங்கே சனம் சாகிறது, இங்கே அவருக்காக ஒரு வேலைக்காரி பழி ஏற்க வேண்டும். எனக்குக் கோபம் வருகிறது. நல்லாக வருகிறது.

18 மார்ச், புதன்

வெயில். தெருவெல்லாம் பெடியன்கள் விறகு குவிக்கும் சத்தம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு செ. எல்லாரையும் விறாந்தைக்குக் கூப்பிட்டார். மேசையில் விமானச் சீட்டு. லினாவின் பாஸ்போர்ட்டும் அவரிடம்தான். லினா சுவரோடு சாய்ந்து நின்றாள், உதடு காய்ந்துபோய். சிஞ்ஞோரா கதிரையில். நான் தேத்தண்ணித் தட்டோடு.

செ.: "பின்னேரம் பேர் அனுப்ப வேணும்."

சிஞ்ஞோரா மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். செ.யும் பார்த்தார். லினா மட்டும் நிலத்தைப் பார்த்தாள்.

தட்டைக் கீழே வைத்தேன். குரல் நடுங்கவில்லை, அது அதிசயம்.

"நான் இல்லை. லினாவும் இல்லை."

அவ்வளவுதான் சொன்னேன். செ. ஒரு நிமிஷம் விரலை மடித்துக் கணக்குப் பார்க்கிறவர் மாதிரி நின்றார். பிறகு கணக்கு முடிந்தது. முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. ராஜாவின் அக்காவிடம் எப்படிக் கேட்பது?

சிஞ்ஞோரா என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியவில்லை. முதலில் கோபம், பச்சைக் கோபம். இந்த வீட்டில் அந்தப் பார்வைக்கு நான் எப்போதும் தலை குனிந்திருக்கிறேன். இன்று குனியவில்லை. பிறகு அவர் சிரித்தார். சின்னதாக, மூக்கால்.

"அவ சொல்லுறது சரி. நான்தான். எழுதும்."

"மேன்மைதங்கிய..."

"என்ரை பேரை எழுதும். சீட்டிலையும் என்ரை பேரைப் போடும். நானே போய் அவனுக்குச் சொல்லுறன்."

லினா கத்தினாள். காலைப் பிடித்தாள். அங்கே போனால் திரும்ப விடமாட்டார்கள் என்றாள். சிஞ்ஞோரா அவள் தலையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்து, "பெட்டியை எடும், மங்கா. தடித்த உடுப்பு வையும். அங்கை குளிர்."

எடுத்தேன். மடித்து வைத்தேன். மருந்துப் போத்தல்கள், எண்ணெய், இரண்டு கம்பளிக் காலுறை. மூடப்போகும்போது செ.யிடமிருந்து என் வேலைக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்து வைத்துத் தந்தார். அதுதான் இப்போது என்னைக் குத்துகிறது. மறுத்திருந்தால், திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

19 மார்ச், வியாழன்

சான் ஜுசெப்பே. தெருவில் கரியும் சாம்பலும்.

காலையில் விமான நிலையம். சக்கரக் கதிரை வேண்டாம் என்றார் சிஞ்ஞோரா. நடந்தேதான் போனார், செ. பின்னால் பெட்டியோடு. லினாவின் பாஸ்போர்ட்டைச் செ.யின் கையிலிருந்து வாங்கி லினாவிடம் கொடுத்தார். என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. "பிள்ளையைச் சாப்பிடப் பண்ணும்," என்றார்.

இவர் சொல்கிறார், நான் செய்தது சரிதானாம். லினாவும் அதையே சொல்கிறாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அறுபத்தெட்டு வயசு மனுசியை, வாயைத் திறந்து, சுடுகிற இடத்துக்கு அனுப்பியதும் நான்தான்.

லினாவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். புட்டும் முட்டைப் பொரியலும். பாதியில் எழும்பிவிட்டாள்.

மூன்று மணி: விமானம் இறங்கிவிட்டது, போனில் காட்டுகிறது.

நான்கு மணி: டிவியில் அங்கே விமான நிலைய வாசல். சனம். இன்றும் மலர்வளையங்கள், முந்தியதைவிடக் கூட. சிஞ்ஞோராவைக் காணவில்லை. லினா திரைக்குக் கிட்டப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள்.

ஐந்து மணி: லினா சிஞ்ஞோராவுக்குப் போன் எடுத்தாள். மணி போகிறது. அவர் எடுக்கவில்லை. "இன்னொருக்கா அடி பிள்ளை," என்றேன்.

அடிக்கிறாள்.